உறங்க மறுக்கும் கைக்குழந்தை: சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்தது முதல் ஏறக்குறைய ஆறு மாதம் வரையிலான குழந்தைகளைப் பற்றியே இங்குப் பேசப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இதயம் அல்லது நுரையீரல் தொடர்பான சிக்கல் உள்ள குழந்தைக்கும் அவர்களுடைய மருத்துவர் சொல்வதே முதன்மையானது.

கேள்வி: கொட்டாவி விடுகிறாள், கண் சொக்குகிறது. ஆனால் படுக்கவைத்தால் உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டு அழுகிறாள். தூக்கம் வந்தும் ஏன் தூங்க மறுக்கிறாள்?

பெரும்பாலான நேரங்களில், தூக்கம் வந்த வேளை கடந்துவிட்டதே காரணம். மிகவும் களைத்துப்போன பெரியவர் படுத்தவுடன் தூங்கிவிடுவார். கைக்குழந்தையால் அது முடியாது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை பரபரப்படைந்து கை கால்களை உதறுகிறது, மார்பில் வாய் வைத்தாலும் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, பிறகு அந்த அழுகையே தூக்கத்துக்குத் தடையாகிவிடுகிறது. இதைப் பிடிவாதம் என்று எண்ணுவது தவறு. அந்த வயதில் பிடிவாதம் பிடிக்கும் அளவுக்கு மூளை வளர்ந்திருப்பதில்லை.

ஆகவே கொட்டாவிக்காகக் காத்திராமல், அதற்கு முன் வரும் அறிகுறிகளைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பார்வையை விலக்கிச் சுவரையோ மின்விசிறியையோ வெறித்துப் பார்க்கும். அசைவுகள் குறையும். காதைப் பிடித்து இழுக்கும், அல்லது முகத்தை உங்கள் தோளில் தேய்க்கும். புருவம் இலேசாகச் சிவக்கும் என்றும் சொல்வார்கள். நம் மாநிறக் குழந்தைகளிடம் அது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம் என்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம். இவற்றில் ஒன்றைக் கண்டதுமே பேச்சையும் வெளிச்சத்தையும் குறைத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

கடிகாரமும் ஓரளவு உதவும். முதல் மாதத்தில், பால் குடிக்கும் நேரத்தையும் சேர்த்து, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைதான் பெரும்பாலான குழந்தைகளால் அமைதியாக விழித்திருக்க முடியும். இரண்டாம் மாதத்தில் அது ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகவும், மூன்று நான்கு மாதங்களில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமாகவும் நீளும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் உறவினர் நான்கு பேர் வந்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போன பிறகு குழந்தை இரவு பத்து மணி வரை அழுவதற்குக் கண்ணேறு காரணமன்று. வந்தவர்கள் வீட்டில் இருந்த இரண்டு மணி நேரமும் அது விழித்தே இருந்திருக்கும். ‘அத்தை, இவளுக்குத் தூங்குகிற நேரம் ஆகிவிட்டது, உள்ளே கொண்டுபோகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவதில் தவறே இல்லை.

கேள்வி: என் குழந்தை போதுமான அளவு தூங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, மூன்று மாதம் வரையிலான குழந்தைக்கு ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் தூக்கம் வேண்டும். பகலில் தூங்கும் சின்னச் சின்னத் தூக்கங்களையும் இதில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். குழந்தை நன்றாகக் குடித்து, எடை கூடி, விழித்திருக்கும்போது முகம் தெளிவாக இருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட ஒரு மணி நேரம் குறைவாகத் தூங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவு இரண்டு மணிக்கு விளையாடுகிறான். இதை எப்படி மாற்றுவது?

இரவு பகலைப் பிரித்தறியும் உடற்கடிகாரம் பிறக்கும்போதே அமைந்திருப்பதில்லை. அது ஏறக்குறைய இரண்டு மூன்று மாதங்களில்தான் உருவாகிறது. அதை உருவாக்குவதில் வெளிச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டிச் சூரியன் உதித்து, மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. குளிர்நாட்டுப் பெற்றோருக்குக் கிடைக்காத இந்தச் சீரான ஒளியை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். காலையில் திரைச்சீலையை விலக்கிவிடுங்கள். எட்டு மணிக்கு முன்பாகவே புளோக்கின் கீழே இறங்கி, நிழலில் சற்று நேரம் நடந்துவிட்டு வாருங்கள். பகல் தூக்கத்தின்போது வீட்டில் வழக்கமான ஓசைகள் இருக்கட்டும். மிக்சி ஓடுகிறதே என்று அஞ்ச வேண்டாம்.

இரவில் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். பால் கொடுக்கவும் அணையாடை மாற்றவும் ஒரு சிறிய மஞ்சள் விளக்கே போதும். கூரை விளக்கைப் போடாதீர்கள். குழந்தை சிரித்தாலும் கொஞ்சிப் பேசாமல், ஏப்பம் விடவைத்துப் படுக்கவைத்துவிடுங்கள். கைப்பேசியின் ஒளி குழந்தையின் முகத்தில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். நாள்தோறும் ஒன்று மாற்றி ஒன்றைச் செய்து பார்ப்பதுதான் இதைக் கெடுக்கிறது.

கேள்வி: தோளில் அயர்ந்து தூங்குகிறான். படுக்கையில் வைத்த மறுகணமே விழித்துக்கொள்கிறான். என்ன செய்வது?

பெரியவர்கள் முதலில் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகிறோம். பிறந்த குழந்தையோ அசைவுத் தூக்கம் எனப்படும் மேலோட்டமான உறக்கத்துக்குள்தான் முதலில் நுழைகிறது. அதன் மொத்தத் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். இமைக்குள் விழி உருளும், உதடு சிரிப்பதுபோல் சுளிக்கும், மூச்சு ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்த நிலையில் கீழே வைத்தால் விழித்துக்கொள்ளும். பத்து, இருபது நிமிடம் பொறுத்திருந்து, மூச்சு ஒரே சீராகி, கையை இலேசாகத் தூக்கி விட்டால் துவண்டு விழுகிறதா என்று பாருங்கள். அப்போது படுக்கவைக்கலாம்.

படுக்கவைக்கும் விதமும் முக்கியம். தலை பின்னோக்கிச் சரிவதைக் குழந்தை உணர்ந்தால், விழுவதாகத் திடுக்கிட்டு இரு கைகளையும் விரிக்கும். இது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல். ஆகவே குழந்தையை உங்கள் உடலோடு ஒட்டியபடியே குனிந்து, முதலில் பாதத்தையும் பிட்டத்தையும், பிறகு முதுகையும், கடைசியாகத் தலையையும் படுக்கையில் பதியுங்கள். உடனே கையை எடுத்துவிடாதீர்கள். ஒரு கை நெஞ்சின்மீது, மறு கை தலையின்கீழ் என ஒரு நிமிடம் அப்படியே இருந்து, பிறகு ஒவ்வொன்றாக விலக்குங்கள். சிணுங்கினால் தூக்கிவிடாமல் மெல்லத் தட்டிக்கொடுத்துப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதுமானதாக இருக்கும்.

மெல்லிய பருத்தித் துணியால் சுற்றிவைப்பதும் இந்தத் திடுக்கிடலைக் குறைக்கும். கைகள் அடங்கியிருக்கலாம், ஆனால் இடுப்பும் கால்களும் தவளைபோல் மடங்கி விரிய இடம் வேண்டும், இல்லையெனில் இடுப்பு மூட்டு பாதிக்கப்படலாம். குழந்தை புரண்டு படுக்க முயலும் அறிகுறி தெரிந்த அன்றே துணி சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: கையிலேயே தூங்கவைத்தால் கைச்சூட்டுக்குப் பழகிவிடும் என்கிறார் மாமியார். உண்மையா?

முதல் மூன்று மாதங்களில் அந்தக் கவலை வேண்டாம். அந்த வயதுக் குழந்தையைத் தூக்கிவைத்துக் கெடுத்துவிட முடியாது. நான்கு மாதத்துக்குப் பிறகு, கண் செருகும் நிலையிலேயே படுக்கவைத்து, தானாக உறங்கும் வாய்ப்பை ஒரு நாளில் ஒரு முறையாவது கொடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாரும் தூளியில் வளர்ந்தவர்கள். இங்குக் கிடைக்கும் ஸ்பிரிங் வைத்த சாரோங் தொட்டிலில் குழந்தையைத் தூங்கவைக்கலாமா?

நம் தூளிக்கும் மலாய்க் குடும்பங்களின் சாரோங் தொட்டிலுக்கும் அதிக வேறுபாடு இல்லை. சீனக் குடும்பங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. அதன் அணைப்பும் அசைவும் குழந்தையை விரைவில் அமைதிப்படுத்துவது உண்மைதான். ஆனால் துணித் தொட்டிலில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் படிகிறது. கழுத்துத் தசை வலுப்பெறாத குழந்தைக்கு அப்போது மூச்சுக்குழாய் குறுகலாம். முகம் துணியில் புதைந்தாலும் திருப்பிக்கொள்ளத் தெரியாது. குழந்தை உறங்கும் பரப்பு தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், 10 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. தூளி அந்த அளவுகோலுக்குள் வராது.

அழும் குழந்தையைத் தூளியில் இட்டு, விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து, மெதுவாக ஆட்டி அமைதிப்படுத்தியதும் தட்டையான கட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். இரவு முழுவதும் தூளியில் விட்டுவிட்டு, மோட்டார் ஆட்டிக்கொள்ளும் என்று நாம் உறங்குவது கூடவே கூடாது. தாத்தா பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் இதை ஒரே விதமாகச் சொல்லிவையுங்கள். வேகமாகக் குலுக்கி ஆட்டுவதும் ஆபத்து. கொக்கி, ஸ்பிரிங், அது மாட்டியிருக்கும் கம்பி ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தூளி கட்டவும் குழந்தையைச் சுற்றவும் பழைய பருத்திச் சேலையை எடுப்போம். அது அலமாரியில் அந்துருண்டையோடு ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலின் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகிவிடலாம். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைப் பரிசோதிப்பது பல பத்தாண்டுகளாக வழக்கம். உங்கள் குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் அந்த முடிவைப் பாருங்கள். குறைபாடு இருந்தால் அந்துருண்டை வீட்டிலேயே இருக்கக் கூடாது. இல்லாவிட்டாலும் அந்த மணம் வீசும் துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்குகிறாள். அப்படியே விடலாமா?

கூடாது. பகலானாலும் இரவானாலும், ஒரு வயது வரை மல்லாந்து படுக்கவைப்பதே திடீர்ச் சிசு மரண அபாயத்தைக் குறைக்கும் முதல் வழி. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ‘மல்லாந்து உறங்கட்டும்’ என்னும் பரப்புரைக்குப் பிறகு அத்தகைய மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. குப்புறப் படுக்கும் பயிற்சி, விழித்திருக்கும் நேரத்தில், நம் கண்முன் நடக்கட்டும். குழந்தை தானாகவே இரு புறமும் புரளக் கற்றுக்கொண்ட பிறகு, மல்லாந்து படுக்கவைத்தால் போதும். இரவெல்லாம் எழுந்து திருப்பிப் போட வேண்டியதில்லை.

கட்டிலில் விரிப்பைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, திடுக்கிடாமலிருக்க நெஞ்சின்மீது வைக்கும் பயற்றுத் தோல் தலையணை, சுற்றிலும் அணைகொடுக்கும் மெத்தைத் துண்டு என எதற்கும் அங்கே இடமில்லை. பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிக் கட்டிலில், குறைந்தது ஆறு மாதம் வரை குழந்தை உறங்குவது நல்லது. சிறிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடம் போதாதே என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோர் கட்டிலை ஒட்டிப் போடும் சிறிய கட்டிலுக்கு அதிக இடம் தேவைப்படாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, களைப்பில் சோபாவில் சாய்ந்தபடி குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு நாமும் உறங்கிவிடுவதுதான். கண் அசரும்போலிருந்தால் குழந்தையை உடனே கட்டிலில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: குளிரூட்டி போடலாமா, மின்விசிறி போதுமா?

இரண்டும் சரிதான். நேரடிக் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது, அவ்வளவே. நம் ஊர்ப் புழுக்கத்தில் குழந்தை குளிரால் அழுவதைவிட வியர்வையால் அழுவதே அதிகம். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் ஓர் அடுக்குத் துணியைக் குறைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் உறங்கும்போது குல்லாய் வேண்டாம். உடல் மிகையாகச் சூடேறுவதும் திடீர்ச் சிசு மரணத்துக்கான அபாயக் காரணிகளுள் ஒன்று.

கேள்வி: பக்கத்து வீட்டில் சுவரை இடிக்கிறார்கள். பகலில் தூக்கமே இல்லை.

வீவக விதிகளின்படி, இடித்தல், துளையிடுதல் போன்ற பேரொலி எழுப்பும் வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். அந்த வேலை நடக்கும் நாள்களில் நீண்ட பகல் தூக்கத்தை ஒன்பது மணிக்கு முன் அமைத்துக்கொள்ளுங்கள், அல்லது தள்ளுவண்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். மின்விசிறியின் இரைச்சல் போன்ற சீரான ஒலியும் உதவும். அதற்கென்று கருவி வைத்திருந்தால் ஒலியைக் குறைத்து, குழந்தையிடமிருந்து இரண்டு மீட்டருக்கு அப்பால் வையுங்கள்.

கேள்வி: பாட்டி உரைமருந்து கொடுக்கச் சொல்கிறார். வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துக் கொடுத்தால் நன்றாகத் தூங்குமாமே?

பாட்டியின் அன்பில் ஐயமில்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலோ மாவுப்பாலோ தவிர எதுவும், வெந்நீர்கூட, குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. வசம்பில் பீட்டா அசரோன் என்னும் நச்சுப் பொருள் உள்ளது. ஜாதிக்காய் தரும் உறக்கமும் நஞ்சின் விளைவாக வரும் மயக்கமே. இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். நாக்கில் தேன் தடவுவதும் ஒரு வயது வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கலாம். குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகை, சன்னல்கள் சாத்திய அறையில் சின்னஞ்சிறு நுரையீரலை உறுத்தும். தூக்க மாத்திரையும் மெலடோனின் துளிகளும் இந்த வயதுக்கு உரியவை அல்ல.

பாட்டியிடம் இருக்கும் வேறு செல்வங்களைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் தேய்த்துக் கால்களை நீவிவிடும் கைப்பக்குவமும், ஆராரோ ஆரிரரோ என்று நீளும் தாலாட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. மாலையில் வெதுவெதுப்பான குளியல், பிறகு மெல்ல நீவிவிடுதல், மங்கிய அறையில் பால், அதன்பின் ஒரே தாலாட்டு என நாள்தோறும் அதே வரிசையில் நடந்தால், இரண்டு மூன்று மாதக் குழந்தைகூட அடுத்து உறக்கம் வரப்போகிறது என்பதை உணரத் தொடங்கும். இந்த வரிசை அரை மணி நேரத்துக்கு மேல் நீள வேண்டியதில்லை. யார் செய்தாலும் வரிசை மாறாமலிருப்பதே முக்கியம்.

கேள்வி: மாலை ஆறு மணியானால் காரணமே இல்லாமல் மணிக்கணக்கில் அழுகிறான். வயிற்று வலியா?

பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடி, ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்தை எட்டி, மூன்று நான்கு மாதங்களில் தணிவது வழக்கம். நன்றாகக் குடித்து எடை கூடும் குழந்தை மாலையில் மட்டும் இப்படி அழுதால் அது பெரும்பாலும் இந்த வகைதான். தோளோடு அணைத்து நடப்பதும், விளக்கைத் தணிப்பதும், தோலோடு தோல் பட வைத்துக்கொள்வதும் ஓரளவு ஆறுதல் தரும். எதுவுமே பலிக்காத மாலைகளும் வரும்.

உங்கள் பொறுமை எல்லையைத் தொடுவதாக உணர்ந்தால், குழந்தையைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஐந்து பத்து நிமிடம் கூடத்தில் போய் உட்காருங்கள். அழுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு கணம் பிடித்துக் குலுக்கினால்கூட மூளையில் இரத்தம் கசிந்து, மீளாத பாதிப்போ மரணமோ நேரலாம்.

கேள்வி: நான்கு மாதம் வரை நன்றாகத் தூங்கியவள், இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை விழிக்கிறாள். நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதனால்தானா?

அரசாங்க ஆதரவுடன் வழங்கப்படும் மகப்பேறு விடுப்பு 16 வாரம். குழந்தையின் உறக்கம் பெரியவர்களின் உறக்கத்தைப்போல் பல படிநிலைகள் கொண்டதாக மாறுவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் குழந்தை சற்று விழிக்கிறது; உறங்கும்போது இருந்த தோள் இல்லையே என்று அழுகிறது. இரண்டும் ஒன்றாக வருவதால், வேலைக்குப் போனதுதான் காரணம் என்று பல தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது நியாயமில்லை. வேலைக்குப் போகாமல் இருந்திருந்தாலும் இந்த மாற்றம் வந்திருக்கும். சில வாரங்களில் சீராகும்.

குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ தாத்தா பாட்டி வீட்டிலோ விடுவதானால், உறங்கவைக்கும் வரிசையையும் குழந்தை காட்டும் அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாலையில் அழைத்துவரும்போது கடைசியாக எத்தனை மணிக்கு விழித்தது என்று கேட்டுக்கொண்டால், அன்றிரவை எப்படி அமைப்பது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அழவிட்டுப் பழக்கலாம் என்கிறார்களே?

ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 6 முதல் 16 மாதம் வரையிலான 43 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சற்றுச் சற்றாக இடைவெளியைக் கூட்டித் தேற்றும் முறையால் பெற்றோர்மீதான பிணைப்புக்குப் பாதிப்பு ஏற்படவில்லை எனத் தெரியவந்தது. ஆகவே அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரைக் கொடியவர்கள் என்று பேசுவது தவறு. மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்துவதும் தவறு.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், இரவானாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற, குழந்தைகளைப் பார்க்கும் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுத்தல், ஈர அணையாடைகள் வெகுவாகக் குறைதல், துவண்டு கிடத்தல், வழக்கத்துக்கு மாறான கீச்சுக் குரல் அழுகை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். மூச்சுவிடத் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ 995 எண்ணை அழையுங்கள். உறக்கத்தில் நாள்தோறும் குறட்டை விடுவது, எடை கூடாதிருப்பது போன்றவற்றைப் பலதுறை மருந்தகத்தில், தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்கலாம்.

கேள்வி: குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. கணவரிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள். இத்தகைய நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. பலதுறை மருந்தக மருத்துவரிடமோ பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ பேசலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கிழைக்கும் எண்ணம் தலைகாட்டினால் தயங்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கணவருக்கும் ஒன்று: 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த சிங்கப்பூர்க் குடியுரிமைக் குழந்தைகளின் தந்தையர்க்கு, தகுதி பெற்றிருந்தால், நான்கு வார விடுப்பு உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு பத்து வாரமாகிறது. அதைக் குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே முழுவதும் எடுத்துவிடாமல், ஒரு பகுதியை மனைவி வேலைக்குத் திரும்பும் வாரங்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள். விடுப்பு இல்லாத நாள்களில், இரவு ஒன்பது முதல் ஒரு மணி வரையிலான பொறுப்பை நீங்கள் ஏற்று, கறந்து வைத்த பாலையோ மாவுப்பாலையோ கொடுத்தால், மனைவிக்கு இடையறாத நான்கு மணி நேர உறக்கம் கிடைக்கும்.